மூன்று ஸ்ரீயோடு நின்ற கார்கள்

கெலிஓயா வளைவுக்கு அப்பால் கார் தெரிவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். பஸ்ஸின் இருமலும் லொறியின் முனகலும் கேட்டுப் பழகிய காதுக்கு, அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு வரும் அந்தச் சத்தம் தனியாகத் தெரியும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, கொப்பியும் பென்சிலுமாக வாசலுக்கு ஓடுவேன். ஏப்ரலில் நுவரெலியாவில் "சீசன்". கொழும்புப் பணக்காரர்கள் மலையேற்றக் கார்ப் பந்தயத்துக்காகவும் கொஞ்சம் பந்தாவுக்காகவும் தங்கள் இரண்டு ஆசனக் கார்களில் எங்கள் வாசலைத் தாண்டித்தான் மேலே போவார்கள்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கதவும் அலுமாரியும் எரிந்துபோய், பக்கத்து கராஜ்காரர் ஹனிபா நானாவின் வீட்டில் ஒன்பது நாள் ஒளிந்திருந்துவிட்டு நாங்கள் திரும்பி வந்திருந்த காலம் அது. பெரியவர்கள் ரேடியோவில் வடக்குச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருக்க, பத்து வயதுப் பெண்ணான என் கவலை வேறாக இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவர் நானாதான். போனட்டின் மேல் இரண்டு விளக்கும் பிதுங்கி நிற்கும் குட்டிக் கார் ஒன்று அவரிடம் திருத்த வந்தது. நான் அதற்கு "முழிக்கண்ணன்" என்று பெயர் வைத்திருந்தேன். "இத மூணு வருஷந்தான் செஞ்சாங்க புள்ள, பொறகு வேற மொடல்" என்றார் அவர். எனக்கு மனசு ஆறவில்லை. இவ்வளவு வடிவான ஒன்றை மூன்றே வருடத்தில் நிறுத்த யாருக்கு மனம் வந்தது? மற்றக் கார்களை எத்தனை வருடம் செய்தார்கள்? எப்போது போதும் என்று முடிவெடுக்கிறார்கள்?

கேட்டால் சொல்ல ஆளில்லை, நானே கண்டுபிடிக்கப் புறப்பட்டேன். அந்நாளில் நம்பர் தகட்டில் "ஸ்ரீ" எழுத்துக்கு முன்னால் ஓர் எண் இருக்கும்: ஒன்று ஸ்ரீ, இரண்டு ஸ்ரீ என்று. எண் கூடக் கூட வண்டி புதியது. ஆகவே ஒரு வகைக் கார் எந்த ஸ்ரீயில் தொடங்கி எந்த ஸ்ரீயில் முடிகிறதென்று பார்த்தால் அதன் ஆயுள் தெரிந்துவிடும் என்பது என் கணக்கு. ஒரே காரை இரண்டு தரம் எண்ணிவிடக்கூடாதே என்று நம்பரோடு திகதி, நேரம், மேலே போனதா கீழே வந்ததா என்பதையும் எழுதினேன். மூன்று சீசனில் கொப்பி நிறைந்தது.

விடை விசித்திரமாக வந்தது. முழிக்கண்ணனோ, போனட் நீண்டதால் நான் நீளமூக்கன் என்று பெயர் வைத்ததோ, எந்த ஸ்போர்ட்ஸ் காரும் மூன்று ஸ்ரீயைத் தாண்டவில்லை. சீமையில் கார் செய்கிற எல்லோரும் ஒரே வருடத்தில் செத்துப்போனார்களா என்று நானாவிடம் ஓடினேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "அங்க செய்யிறது நிக்கல்ல புள்ள. இங்க கொண்டு வாறதத்தான் கவர்மெண்ட் நிப்பாட்டினது. அதுல சிலத அதுக்குப் பொறகும் பத்துப் பதினஞ்சு வருஷம் செஞ்சாங்க." நான் அளந்தது கார்களின் ஆயுளை அல்ல, எங்கள் நாட்டின் வாசலை அடைத்த நாளை. வெட்கமாக இருந்தது; ஆனாலும் எழுதுவதை விடவில்லை.

அந்த மே மாதம் கொழும்பில் குண்டு வெடித்ததைத் தொடர்ந்து தமிழர் வீடுகளைச் சோதித்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பொலிஸ்காரர் சாமிப்படத்துக்குப் பின்னால் பார்த்தார், அரிசி டின்னுக்குள் பார்த்தார், கடைசியில் என் கொப்பியை எடுத்தார். பக்கம் பக்கமாக வாகன நம்பர், திகதி, நேரம், திசை, எல்லாம் தமிழில். புரட்டிக்கொண்டே வந்தவரின் விரல் ஓர் இடத்தில் நின்றது. அந்த நம்பர் இராணுவப் பெரியவர் ஒருவருடைய காராம்.

இதை எழுதியது யார் என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா "நான்தான்" என்றார். கம்பளையில் ஒரு கடையில் கணக்கெழுதும் அப்பாவுக்கு ஒரு காரின் பெயர்கூடத் தெரியாது. அம்மா என் வாயைப் பொத்திப் பிடித்தார். அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் காலையில் நானா வந்தார். "வாங்க மகள், போவம். தெரிஞ்சத அப்புடியே சொல்லுங்க" என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். பொறுப்பதிகாரியின் மேசை என் நெஞ்சளவு இருந்தது. கொப்பியை அவர் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நம்பராகச் சொல்ல, அது எந்தக் கார், என்ன நிறம், விளக்கு எப்படி என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பயம் மறந்து, மொடல்கள் ஏன் நிற்கின்றன என்ற என் சந்தேகம் முழுவதையும் அவரிடமே கொட்டிவிட்டேன். கடைசியில், "சரி, நீளமூக்கனை எத்தனை வருடம் செய்தார்கள்?" என்றார். "இன்னும் கண்டுபிடிக்கவில்லை சேர். கொப்பி உங்களிடம் இருக்கிறது" என்றேன்.

அவர் சிரித்தார். அன்று பின்னேரம் அப்பாவை விட்டார்கள். அப்பா தன் கையால் சோறு பிசைய ஒரு மாதம் சென்றது. என்னை அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. "இனி எதையும் எழுதி வைக்காதம்மா" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது ஸ்ரீ தகடும் இல்லை, நானாவின் கராஜ் இருந்த இடத்தில் போன் கடை. எந்தக் காரை எத்தனை வருடம் செய்தார்கள் என்பதைப் போனில் தட்டினால் சொல்லிவிடுகிறது, நீளமூக்கனுடையதையும் பார்த்துவிட்டேன்.

சென்ற வருடம் பேராதனையில் என்னோடு நடந்து வந்த கணவரை ஒரு வான் இடித்து, காலை முறித்துவிட்டு நிற்காமல் போனது. நம்பரைப் பார்த்தீர்களா என்று பொலிஸில் கேட்டார்கள். எழுத்து மூன்றும் எண் நான்கும் கண்ணெதிரே நின்றன, இன்றும் நிற்கின்றன. பார்க்கவில்லை என்று சொன்னேன்.