தப்பான வேகத்தில் சுழன்ற இசைத்தட்டு

சனிக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது கிடங்கு ஆள் ஒருவர் வந்து சொன்னார். பெரிய மார்க்கெட் கிடங்கில் வெங்காய மூட்டைகள் சரிந்து சவரி போய்விட்டான். "பக்கத்துலதாங்க இருந்தோம். ஒரு சத்தம் வரலையே" என்று அழுதார். கத்தியிருப்பான். ஆனால் அவனுக்குக் குரல் ஏது? அது ஏன் போயிற்று என்று, மாதா கோயில் பாடகர் குழுவில் அவனோடு நின்ற உங்களுக்குச் சொல்ல வேண்டியவன் நான்.

எண்பத்து நான்கில் என் சித்தப்பா மகன் பாரிசிலிருந்து ஓர் ஆல்பம் அனுப்பினான். மெட்டல் இசையிலேயே முரட்டு வகை. அட்டையில் கொம்பு வைத்த பிசாசு இருந்ததால் அம்மா அதை அடுப்பில் போட்டுவிட்டாள். தட்டுக்குப் பழைய பாவாடைத் துணியில் உறை தைத்தேன். தட்டின் நடுவே ஒட்டிய தாளில் மண்டையோட்டைத் தவிர ஒன்றும் இல்லை. பெரிய தட்டென்றால் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, சின்னதென்றால் நாற்பத்தைந்து. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விதி. அப்படியே போட்டேன். பாடகன் பாதாளத்திலிருந்து உறுமினான். துக்கப் பூசைகளில் பாடி நம்மையெல்லாம் அழவைத்த சவரி அசையாமல் கேட்டான். "இது மனுசன் தொண்டைதானேடா? எனக்கும் வரும் பாரேன்" என்றான்.

கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடி அறை. நான் கிட்டார், அவன் குரல். தினமும் உறுமுவான், உப்புத்தண்ணீரில் கொப்புளிப்பான், மறுபடி உறுமுவான். ரத்தம் துப்பிய அன்றும் "வயித்துலேர்ந்து எடுத்தா எல்லாம் வரும்டா" என்றான்.

மூன்றாம் மாதம் பாரிசிலிருந்து பிரெஞ்சில் கடிதம். நாற்பத்தைந்தில் போட வேண்டும், கழுதை, என்று எழுதியிருந்தான். தனியாகப் போட்டுப் பார்த்தேன். உறுமலே இல்லை, அது வேகம் குறைந்ததால் வந்தது; அந்தப் பாடகன் சும்மா கீச்சிட்டான். ஆனால் கிட்டார் பறந்தது. தலைகீழாக நின்றாலும் என் விரலுக்கு அந்த வேகம் வராது. சொன்னால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். கடிதத்தை உறைக்குள் செருகிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் பூசையில் அவன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. "சாத்தான் பாட்டுக்குக் கெடச்ச கூலி" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். வெட்கமாக இருக்கிறது.

பிறகு அவன் கிசுகிசுப்பாகத்தான் பேசினான். கிடங்கு வேலைக்குப் போனான். "அந்தத் தட்டையாவது குடுடா" என்று கேட்டபோது உறையோடு கொடுத்தேன். கடிதம் எனக்கு மறந்தே போயிருந்தது. ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வந்து மீன்குழம்பு சாப்பிடுவான், என் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவில் நடப்பான்.

அடக்கத்துக்கு மறுநாள் அவன் தங்கை அந்த உறையை நீட்டினாள். உள்ளே தட்டும் கடிதமும் இருந்தன.

"நாந்தாண்ணே படிச்சு சொன்னேன், அண்ணன் எடுத்தாந்த அன்னிக்கே. 'அவன்கிட்ட கேட்டுடாத. எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்'னு சொல்லிட்டாரு."

நான்கு வருடம், எல்லாம் தெரிந்தே என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

தட்டும் கடிதமும் இப்போது என்னிடம் இருக்கின்றன. சவரியின் குரலை யார் கொண்டுபோனது என்று இனி யாராவது கேட்டால் சாத்தானைச் சொல்லாதீர்கள். என் வீட்டைக் காட்டுங்கள்.