உன் ஸ்கிரிப்ட்டைச் சரிசெய்

வீட்டில் எல்லாத் துணியையும் சாராள் துவைப்பாள். மில் சட்டையை மட்டும் எபினேசர்தான் துவைக்க வேண்டும். ஒருமுறை அந்தச் சட்டை, அவள் கோவிலுக்குக் கட்டிப்போகும் வெள்ளைப் புடவையோடு ஒரே வாளியில் ஊறி, புடவை செங்கல் நிறமாகிவிட்டது. அன்றிலிருந்து இரும்புத் துரு ஏறிய அந்தச் சட்டைக்குத் தனி வாளி, தனி பிரஷ். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அவன் குழாயடியில் குந்திக்கொண்டு காலரைத் தேய்த்தான். வழக்கத்தைவிட அதிகமாகவே தேய்த்தான். மறுநாள் முதலாளி மில்லுக்கு வருகிறார்.

எபினேசரின் அப்பா பொன்னேரிப் பக்கம் ஊரார் நிலத்தில் சேறு மிதித்துப் பிழைத்தவர். மகனை ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கவைத்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் சேர்த்துவிட்ட நிம்மதியோடு கண்ணை மூடினார். சேர்ந்தது கான்ட்ராக்டில். சாராளோடு கல்யாணமாகி, மகள் ஸ்நேகா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் கான்ட்ராக்டில்தான். இப்போது இரண்டு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். அதில் உன் பேரும் இருக்கிறது என்று மேனேஜர் கோபால் சாரே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

அந்தப் பேர் அங்கே போய் உட்கார்ந்ததற்குக் காரணம் எடைமேடைக் கம்ப்யூட்டர். லாரியின் எடையைக் குறித்துச் சீட்டு அடிக்கும் சாஃப்ட்வேருக்குச் சென்னைக் கம்பெனி கேட்ட விலையைக் கேட்டு மில்காரர்கள் பின்வாங்கியபோது, பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியைப் போட்டு, படித்துப் படித்துத் தானே கட்டளைகளை வரிசையாக அடுக்கி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அந்த வேலையை முடித்துக் கொடுத்தவன் எபினேசர். அதோடு விடவில்லை. நாம் தட்டும் கட்டளையை வாங்கி மெஷினை வேலை செய்யவைப்பது ஷெல். அந்த லினக்ஸில் இருந்த சின்ன ஷெல் ஒன்றைப் பராமரித்தவர் கைவிட்டபோது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இவன் எழுதிப்போட்டான். கொடுத்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது. புதுப் பதிப்பு வந்தால் பிரௌசிங் சென்டரில் இறக்கி, பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய கம்ப்யூட்டரில் ஓடும் வடிவத்துக்கு மாற்றி, சோதித்து, மறுபடி அங்கே போய் ஏற்ற வேண்டும். பராமரிப்பவர் என்ற இடத்தில் அவன் பேர் இருக்கும். உலகத்தில் யார் அந்த ஷெல்லைப் போட்டாலும் அவன் பேரோடுதான் போடவேண்டும்.

இந்த முறை வந்த பதிப்பில் ஒரு கண்டிப்பு இருந்தது. நடுவில் ஒரு சின்னக் கட்டளை தவறினால் பழைய ஷெல் கண்டும் காணாமல் மேலே போய்விடும். புதியது அங்கேயே நின்றுவிடும். அந்தக் கண்டிப்பைத் தளர்த்திப் பழையபடி ஓடவைக்க ஒட்டிவைத்திருந்த திருத்தத்தை, அது தேவையில்லை என்று எபினேசர் எடுத்துவிட்டான். பிரேசிலிலிருந்து ஒருத்தன் அதை எதிர்த்து எழுதினான். அதை எடுத்தால் எங்கள் ஆபீசில் பாதி வேலை நின்றுபோகும், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று கேட்டான்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சாராளிடம் எபினேசர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

“ஷெல்லுல தப்பு இல்ல, உன் ஸ்கிரிப்ட சரி பண்ணுன்னு ஒத்த வரில எழுதி அந்தப் புகார மூடிட்டேன்.”

“அடேங்கப்பா. இங்க கோபால் சார் எதிர்ல கைய கட்டிக்கினு நிக்கிற ஆளு, அங்க மேனேஜரா?”

அவனுக்கு அது உறைக்கவில்லை, இனித்தது. மில்லில் முடியாது என்று யாரிடமும் சொல்ல அவனுக்கு வாய் கிடையாது. அந்த ஒரு வரியை எழுதும்போது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துதான் எழுதியிருந்தான்.

சனிக்கிழமை ஷிப்டு முடிவில் எடைமேடைக் கம்ப்யூட்டரிலும் புது ஷெல்லைப் போட்டுவிட்டதாகச் சொன்னபோது சாராளின் கை கொடியிலேயே நின்றது. முதலாளி வரும் நேரத்தில் அதை எதற்குத் தொட்டாய் என்றாள். தன் பேர் போட்டது உலகமெல்லாம் ஓடும்போது தன் மில்லில் பழசு ஓடினால் நன்றாகவா இருக்கும் என்றான் அவன். போட்ட பிறகும் நாலைந்து லாரிக்குச் சீட்டு ஒழுங்காக வந்ததாம்.

வந்தது உண்மைதான். ஆனால் அப்போது ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட் காலையிலேயே பழைய ஷெல்லில் கிளம்பியது. அது மெஷினின் நினைவில் இருந்த பழசோடுதான் ஓடியது. மெஷினை அணைத்துவிட்டு வந்தவனுக்கு அந்த யோசனை வரவில்லை.

திங்கட்கிழமை காலை மெஷினைப் போட்டார்கள். ஸ்கிரிப்ட்டின் முதல் வேலை, முந்தின நாள் தேதி போட்ட மிச்சக் கோப்பை அழிப்பது. ஞாயிற்றுக்கிழமை லாரியே வரவில்லை, அழிக்க ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத் திங்கட்கிழமைகளிலும் பழைய ஷெல் இதைப் பொறுத்துக்கொண்டு மேலே போயிருக்கிறது. புதியது நின்றுவிட்டது. எடை காட்டியது, சீட்டு வரவில்லை. சீட்டில்லாமல் கேட்டைத் தாண்ட முடியாத ஸ்கிராப் லாரிகள் ரோடுவரை நின்றன. எபினேசர் ஃபர்னஸ் பக்கத்திலிருந்து ஓடிவந்து, தான் எழுதிய அந்த வரியைக் கண்டுபிடித்துத் திருத்தினான். அதற்குள் லாரிகளுக்குப் பின்னால் முதலாளியின் கார் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்து ஓய்ந்திருந்தது.

கோபால் சார் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

“நல்லா ஓடிக்கினு இருந்தத உன்ன யாருப்பா தொடச் சொன்னது?”

“சார், ஷெல்லுல தப்பு இல்ல சார். ஸ்கிரிப்டுலதான்...”

“ஸ்கிரிப்ட் யாரு எழுதினது?”

“நான்தான் சார்.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. சாயங்காலம் ஜெயராஜையும் பச்சையப்பனையும் நிரந்தரமாக்கியதாகச் சொன்னார்கள். ஜெயராஜ் இவனோடு ஒரே நாளில் சேர்ந்தவன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, சொந்தக் காசுல சூனியம் வச்சிக்கினியே நைனா என்றான். கிண்டலாகத்தான் சொன்னான், ஆனால் அவனாலும் சிரிக்க முடியவில்லை. டீயை வேண்டாம் என்று சொல்லவும் எபினேசருக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் அவனே சொன்னான். சாராள் அழவில்லை, திட்டவும் இல்லை. ஸ்நேகாவுக்குச் சோறு போட்டு வெளியே அனுப்பிவிட்டு, அவன் கழற்றிப்போட்ட சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் வந்து நின்றாள். எபினேசர் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எடுத்த திருத்தத்தைத் திரும்ப ஒட்டுவது பெரிய வேலை இல்லை. ஒட்டினால், ஏன் ஒட்டினேன் என்று தன் பேருக்குக் கீழே எழுத வேண்டும். அவன் கை விசைப்பலகைமேல் கிடந்தது, எதையும் தட்டவில்லை.

“அந்தப் பிரேசில்காரன்,” என்றாள் சாராள். “அவன் ஊட்லயும் யாருக்குனா வேல போயிருக்குமா?”

திரையில் கர்சர் விட்டுவிட்டு மின்னியது. சாராள் மில் சட்டையைத் தன் புடவைமேல் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.