தண்ணீர் வராத கிணறுகள்

முந்நூற்றைம்பது அடி போன பிறகும் போர்வெல் குழியிலிருந்து சாம்பல் நிறத் தூசிதான் பறந்தது. மயிலாடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். சர்வே எடுத்து இடம் குறித்துக் கொடுத்தவன் நான்.

தலைமையாசிரியை ஜெபா டீச்சர் சத்தம் போடவில்லை. "பிள்ளைகள் குப்பியிலதான் குடிக்க வெள்ளம் கொண்டு வருது சாரே. வெள்ளம் கிட்டும்னு நீங்க உறப்பா சொன்னதுனாலதான கமிட்டி சம்மதிச்சுது?" என்றார். பாறையைக் குறை சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அப்போது எங்கள் மாவட்டப் புவியியலாளர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். நாகர்கோவிலில் ஒரு டுட்டோரியல் மாடியில் மாதம் ஒருமுறை கூடுவோம். பதினைந்து பேர் வருவார்கள். ரசவடையும் கட்டன்சாயாவும் உண்டு. மேஜையில் ஆளாளுக்குக் கொண்டுவந்த கல் துண்டுகள் கிடக்கும். சங்கத்துக்கு ஒரு செய்திமடலும் இருந்தது. அதில் வெற்றிக் கதைகளாகவே எழுதுவோம்.

தலைவர் தாணுபிள்ளை சார், கல்லூரியில் ஜியாலஜி நடத்தி ஓய்வு பெற்றவர். அந்த மாதக் கூட்டத்தில் என் சர்வே கிராஃபை வாங்கிப் பார்த்தார். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி எடுக்கும் சர்வே அது; மின்தடை குறைந்த இடத்தைத் தண்ணீர் நிற்கும் பாறை வெடிப்பு என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இது களிமண்ணுல்லா வேய். அதுலயும் தடை கொறயத்தான் செய்யும். பள்ளிக்கூடத்துக்குப் பொறத்த பாறை தெரியுமே, நடந்து பாத்தீரா?"

"இல்ல சார். அவசரத்துல..."

"இத மடல்ல எழுதும். பேரு போட்டு எழுதும்."

"செயலாளரே தப்பு பண்ணினா சங்கத்த எவன் மதிப்பான்?"

"பின்ன சங்கம் எதுக்காக்கும்? வட திங்கவா?"

மூன்று முறை எழுதினேன். முதல் தடவை பழி மெஷின் மேல் போனது. அடுத்த தடவை, நேரமில்லை என்றிருந்தது. மூன்றாவதில்தான் தப்புச் செய்தவனாக நான் வந்தேன். அதை அடுத்த கூட்டத்தில் வாசித்தேன்.  முடித்ததும், பத்து வருஷமாக என்னோடு போட்டி போட்ட செல்வராஜ் எழுந்தார்.

"தோவாளப் பக்கம் எனக்கும் இப்படி ரெண்டு கிணறு உண்டு. யாருட்டயும் சொன்னதில்ல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டீச்சரையும் வரச் சொல்லிவிட்டு, நாலு பேர் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். எழுதிய தாளை முதலில் டீச்சரிடம் கொடுத்தேன். முழுதும் வாசித்தார்.

"இத அண்ணைக்கே சொல்லியிருக்கலாம்லா சாரே."

 பின்பக்கத்துப் பாறையில் ஓடிய விரிசலைச் செல்வராஜ் கண்டுபிடித்தார். அதன் போக்கிலேயே நடந்து, விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் புதிதாகச் சர்வே எடுத்தோம். பிறகு அங்கே துளையிட்டபோது இருநூறு அடியில் சேறு வந்தது, அப்புறம் தண்ணீர். டீச்சர் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மடலிலும் தண்ணீர் வராத கிணறுகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினோம். ஆட்கள் மடலில் முதலில் புரட்டியதே அந்தப் பக்கத்தைத்தான்.

தாணுபிள்ளை சார் இப்போது இல்லை. சங்கம் வாட்ஸ்அப்பில் கூடுகிறது. அந்த மாடியில் யாரோ தையல் வகுப்பு நடத்துகிறார்கள். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இரண்டே விஷயம் உண்டு. இடம் குறிக்கும் முன் நிலத்தை நடந்து பாருங்கள். தப்பாகிப்போனால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். முதலாவதைக் கல்லூரியிலேயே சொல்லித் தந்தார்கள். இரண்டாவதைக் கற்க எனக்கு நாற்பத்தெட்டு வயதாயிற்று.