அத்தை வீட்டில் என் மூளைப் படங்கள்

என் அத்தை, அதாவது நைனாவின் தங்கை, எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்று ஊருக்குள் சொல்லி வைத்திருந்தாள். அவள் மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நான் சொன்ன பிறகு ஆரம்பித்தது அது. அவன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கூடப் பிறந்தவன் மாதிரிப் பழகியவனைப் புருஷனாக நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அத்தை அதை அவமானமாக எடுத்துக்கொண்டாள்.

பொய்க்கு ஒரு பிடிமானம் வேண்டுமே, அதுவும் அவளுக்குக் கிடைத்திருந்தது. படிக்கிற காலத்தில் ஒருமுறை வெறும் வயிற்றோடு சிங்கவரம் கோயில் படி ஏறி, வெயிலில் மயங்கி விழுந்தேன். பக்கத்தில் வந்த அத்தை பதறிப்போய்த் தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். யாரோ முகத்தில் தண்ணீர் தெளிக்க, எழுந்து உட்கார்ந்தேன். பிற்பாடு அந்தச் சாவிக்கொத்துதான் கதையானது. இரும்பைக் கையில் கொடுத்ததும் தெளிந்தாள் என்றால் அது வலிப்பில்லாமல் வேறென்ன?

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் மறுபடி போன் செய்யவே இல்லை. காரணம் தெரியாமல் என் நிறத்தையும் பல்லையும் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து நொந்துகொண்டிருந்தேன். தளவானூரிலிருந்து வந்த வரனும் நின்றுபோன பிறகுதான் தரகர் நைனாவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பரப்பியது யார் என்பதையும் சொன்னார். நைனா வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டு, “உடு, அவ வாய் அப்படி” என்றார். என்னால் விட முடியவில்லை. அத்தையை நினைக்காமல் ஒரு வேளைச் சோறு இறங்கியதில்லை. நாலு பேர் முன்னால் அவள் முகம் செத்து நிற்பதைக் கற்பனை செய்துகொண்டே தூங்கிப்போவேன்.

செஞ்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுப்பது என் வேலை. தலைக்கு ஒரு படம் போதாது. ஒரு வகைப் படத்தில் மூளைக்குள் இருக்கும் நீர் வெள்ளையாக விழும், இன்னொன்றில் கறுப்பாக விழும். ஒன்றில் ஒளிந்திருக்கும் தழும்பு மற்றொன்றில் பளிச்சென்று தெரியும். முன்பு ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக எடுப்போம். வயசானவர்கள் அந்த இரைச்சலில் அவ்வளவு நேரம் அசையாமல் கிடக்க மாட்டார்கள், படம் கலங்கிப்போகும். பிறகு எங்கள் மெஷினுக்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. ஒரே ஒரு ஸ்கேன். மூளையின் ஒவ்வொரு புள்ளியும் காந்தத்துக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்று மெஷின் அளந்துகொள்ளும். அந்த அளவுகளை வைத்துக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, வேண்டிய வகைப் படங்களையெல்லாம் உண்டாக்கித் தந்துவிடும்.

அதைப் பொருத்த வந்த இன்ஜினியர், சோதித்துப் பார்க்க யாராவது படுக்க வேண்டும் என்றார். நான் முந்திக்கொண்டேன். கம்மலையும் கொலுசையும் கழற்றிவிட்டுப் படுத்தேன். டாக்டர் படங்களைப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பிரிண்ட் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். போட்டுக்கொள்ளச் சொன்னார்.

ஸ்கேன் நன்றாக இருப்பவர்களுக்கும் வலிப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியாது. அது போதும் எனக்கு.

அந்த வாரமே அத்தையின் பேரனுக்கு, நான் வேண்டாம் என்றவனின் மகனுக்கு, காது குத்து. ஒன்றுமே நடக்காதவள் போல வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்த நைனாவின் மடியில் படங்கள் இருந்த பெரிய கவரைக் கொடுத்தேன். இன்னா இது என்று கேட்டார். ஆபீஸ் சமாச்சாரம் என்றேன்.

சிங்கவரத்தில் அத்தை வீட்டு வாசலை அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள். மருமகளின் அண்ணன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் காது குத்தினார்கள். அது அழுது ஓய்ந்தது. பந்திக்காகப் பெண்கள் காத்திருந்த நேரத்தில் நான் கவரைப் பிரித்து ஆளுக்கொரு படமாகக் கொடுத்தேன்.

“இது என் மூளை. வலிப்பு எங்க இருக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க.”

ஷாமியானாவின் ஓரத்தில் வெயில் விழுந்த பக்கமாகப் படங்களைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். அத்தை வந்து ஒரு படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இத்தனையும் எப்போது எடுத்தது என்று சாதாரணமாகக் கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தொழில் தெரிந்த திமிரில், ஒரே தடவை படுத்ததுதான், மற்றதெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தருவது என்று விளக்கினேன்.

“அப்போ கம்ப்யூட்டர் வரைஞ்சதுன்னு நீயே சொல்ற. போட்டோ கடையில கறுப்பா இருக்கிறவள செவப்பாக்கித் தரான். அது மாதிரிதான?”

யாரோ சிரித்தார்கள். படங்கள் ஒவ்வொன்றாக என் கைக்குத் திரும்பி வந்தன. மெஷின் அளந்தது என் தலையைத்தான், எல்லாம் அந்த அளவிலிருந்துதான் வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன். ஒருத்தியும் காதில் வாங்கவில்லை.

அத்தையின் மருமகள் குழந்தையின் காதில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

“வலிப்பெல்லாம் ஒண்ணும் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க அத்தை. என் புள்ளைய வேணான்னவளுக்கு வேற மாப்ள எப்படி அமையுதுன்னு பாக்குறேன்னு சொன்னீங்களே.”

அப்படிச் சொன்னது எப்போது என்று அத்தை கேட்டாள். குரல் உள்ளே போயிருந்தது.

“நான் மாசமா இருக்கும்போது. அவ வந்திருந்தா இந்த வீடு எப்படி இருந்திருக்கும்னு என்கிட்ட டெய்லி சொல்லுவீங்க இல்ல, அப்போதான்.”

மருமகளுக்கும் அத்தையோடு ஒரு கணக்கு இருந்திருக்கிறது. எனக்கு அதுவரை தெரியாது.

நான் கற்பனை செய்தது போல அத்தை அழவில்லை, முகமும் சாகவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்திக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லிச் சத்தம் போட்டபடி பின்பக்கம் போனாள். ஆனால் அதற்குப் பிறகு அங்கிருந்த ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நான் வயிறாரச் சாப்பிட்டேன். கேசரியை இன்னொரு முறை கேட்டு வாங்கினேன்.

திரும்பும் வழியில் கோட்டை மலை தெரிந்ததும் நைனா பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார்.

“அவ என் தங்கச்சி” என்றார்.

“நான் உன் பொண்ணு நைனா.”

அன்று ராத்திரி அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மறுநாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்காக மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

காது குத்தில் நடந்தது பரவியதும் தளவானூர்க்காரர்கள் தரகர் மூலம் திரும்பவும் கேட்டு அனுப்பினார்கள். ஒரு பேச்சைக் கேட்டு ஓடியவர்கள் எனக்கு வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். தரகர் அதைக் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருப்பார். நான் சொன்னபடியே சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அத்தை அவ்வப்போது காய்கறிப் பையோடு செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வெயிலில் நிற்பாள். முன்பெல்லாம் நான்தான் ஏற்றிக்கொண்டு போய் அவள் வீட்டில் விடுவேன். இப்போது வண்டியை மெதுவாக்குகிறேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் வேகம் எடுத்துப் போய்விடுகிறேன்.