தப்பாய்ப் பாடிக் கற்றவர்

குற்றாலத்துப் பேரருவிக்கு இந்தப் பக்கம், எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவர்கள் உட்காரும் பாறைகளில் மூன்றாவது பாறையருகே நின்றுகொண்டு பெருமாள் வாத்தியார் கல்யாணி ராகத்தைத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்தார். இடுப்பில் துண்டு கட்டியிருந்தார். பார்த்தால் குளிக்க வந்தவர் போலத்தான் இருந்தது. ஆனால் தலை நனையவில்லை. அவர் கண் அருவியில் இல்லை. பாறைமேல் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த ஒரு கனத்த மனிதரின் புருவத்தில் இருந்தது. அந்தப் புருவம் ஒரு தடவை துடித்தது. வாத்தியார் அதே தப்பை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் செய்தார்.

"ஓய், அது என்னங்காணும்?" என்றார் பாறைமேல் இருந்தவர்.

"கல்யாணி, சாமி."

"யார் சொன்னா?"

"எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் பாடுதோம்."

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுவதில் அவருக்குப் பத்து வருஷப் பழக்கம். கல்யாணியில் 'ம' என்ற சுரத்தை ஒரு படி மேலே பாட வேண்டும். அவர் வேண்டுமென்றே கீழ்ப்படியில் இறக்கிவிட்டார். ஒரு ஊரே அப்படிப் பாடுகிறது என்று கேட்ட பிறகு எந்த வித்துவானால் சும்மா உட்கார்ந்திருக்க முடியும்? கால் மணி நேரத்தில் அந்தக் கனத்த மனிதர் எண்ணெய்க் கையால் தொடையில் தாளம் போட்டுப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தார். "இப்போ நீர் பாடும்" என்றார். வாத்தியார் முதல் தடவையே சரியாகப் பாடிவிடமாட்டார். மூன்றாம் தடவைதான் சரியாக வரும். மூன்று தடவை கேட்டது மறக்காது என்பது அவர் கணக்கு.

இது போன வருஷம் ஆடி மாதம் நடந்தது. கனத்த மனிதர் கும்பகோணத்துப் பாகவதர் ஒருவர். சாரலுக்குக் குளிக்க வந்திருந்தார்.

வாத்தியாரின் முழுப் பெயர் சிவனணைந்தபெருமாள். வயது முப்பத்தெட்டு. தென்காசியில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணக்கும் பூகோளமும் சொல்லிக்கொடுக்கிறார். சங்கீதம் அவருக்கு வந்து சேர்ந்தது ஒரு ஆர்மோனியத்தின் மூலம். நாடகக் கம்பெனி ஒன்று ஊரைவிட்டுப் போகும்போது எலி கடித்த ஆர்மோனியத்தை விட்டுவிட்டுப் போயிற்று. அதை இவர் வீட்டுக்குத் தூக்கி வந்து ஓட்டையை ஒட்டினார். தலைமை ஆசிரியை கோமதியம்மாள் இதைக் கேள்விப்பட்டார். அடுத்த வாரமே கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு 'சங்கீதம்' என்று எழுதி, எதிரே இவர் பெயரையும் எழுதிவிட்டார்.

அப்போது அவருக்குச் சங்கீதம் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டுமானால் தஞ்சாவூர்ப் பக்கமோ சென்னைக்கோ போக வேண்டும். மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாத்தியார் எங்கே போவார்? யோசித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் அவருக்குத் தெளிவாயிற்று. சங்கீதம் படிக்க ஊரில் இடமில்லை. ஆனால் வருஷத்தில் மூன்று மாதம் சங்கீதமே நாலு மைல் தூரத்தில் குளிக்க வருகிறது.

"பாத்துக்கிடுங்க," என்று இந்த வருஷம் அருவிக்கரையில் பழக்கமான என்னிடம் விளக்கினார். "நல்லாப் பாடுதவன்கிட்ட 'பேஷ்'னு சொல்லிட்டுப் போயிருவாக. சும்மா நிக்கவனை ஏறெடுத்தும் பாக்க மாட்டாக. தப்பாப் பாடுதவனை மட்டும் அப்படியே விட்டுட்டுப் போக அவுகளுக்கு மனசு வராது."

"கிராமபோன் தட்டு வாங்கிக் கேட்டால் என்ன?"

"தட்டு பாடும். நான் தப்பாப் பாடினா அது கோவிச்சுக்கிடுமா?"

தப்பிலும் அவர் தரம் பிரித்து வைத்திருக்கிறார். மெல்லிய காதுக்காரர்களுக்கு ஒரு சுரத்தை அசைக்காமல் விட்டால் போதும். காது மந்தமானவர்களுக்கு ராகத்தையே மாற்ற வேண்டும். மிருதங்கக்காரர் என்றால் வாயே திறக்கமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளத்தை அரை அட்சரம் தள்ளிப் போடுவார். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதற்காக மிருதங்கக்காரர் நீட்டியிருக்கும் கை தானாகவே துள்ளி எழுந்து சரியான இடத்தில் விழும்.

யார் பாடகர், யார் மிருதங்கம் என்று அவருக்குச் சொல்லுகிறவர் மாடன். மாடனுக்கு அந்தப் பாறைகளில் எண்ணெய் தேய்த்துவிடுவது தொழில். முதுகில் கை வைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும். "வலது மணிக்கட்டு கல்லு மாதிரி இருந்தா மிருதங்கம். இடது தோள் இறுகி, விரல் நுனி காய்ச்சுப் போயிருந்தா பிடில். தொண்டைக்குக் கீழே தொட்டா 'மெள்ள, மெள்ள'ன்னாகன்னா, அதான் பாட்டு" என்பார். பாடம் பாதியில் நிற்கும்போது வித்துவான் எழுந்திருக்கப் பார்த்தால், "இன்னும் இடுப்பு பாக்கி இருக்கு சாமி" என்று அழுத்தி உட்காரவைப்பார். மாடனின் மகள் பேச்சித்தாய் வாத்தியாரின் வகுப்பில் படிக்கிறாள். பதினொரு வயது. அதனால் பல பேருக்கு இடுப்புப் பாக்கி முக்கால் மணி நேரம் நீடித்திருக்கிறது.

மாடன் ஊரில் இல்லாத ஒரு நாள் வாத்தியார் தாமாகவே ஆளைத் தேர்ந்தெடுத்தார். தொந்தி இருந்தது, காதில் கடுக்கன் இருந்தது. பக்கத்தில் போய்த் தோடியைப் பாழாக்கினார். அந்த மனிதர் கண்ணில் நீர் வரக் கேட்டுவிட்டு, "பிரமாதமாப் பாடுதீரே வே. ஆவணியில எம் மக கல்யாணத்துக்கு வந்து பாடணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சிவகிரிப் புளி வியாபாரி. வாத்தியார் அந்த ஆவணி முழுவதும் சிவகிரிப் பக்கம் போகவில்லை.

கற்றதையெல்லாம் மெழுகுத்துணி சுற்றிய ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். 'ஆடி 12. தொந்தி, மூக்குப்பொடி. தோடிக் காந்தாரம் அசைய வேண்டும்.' 'ஆடி 19. சளி பிடித்தவர். மூச்சு எங்கே விட வேண்டும் என்பது.' ஒவ்வொரு பக்கத்திலும் எண்ணெய்க் கறை. வீட்டில் சரியானதையும் தப்பானதையும் மாற்றி மாற்றிப் பழகுகிறார். அவர் மனைவி உலகம்மைக்கு இதில் ஒரு குறை உண்டு. "எது சரி எது தப்புன்னு ஒரு மணி அடிச்சுட்டுப் பாடுங்க. நான் எப்போ காதைப் பொத்தணும்னு தெரியல்ல" என்கிறார்.

வகுப்பிலும் அவர் முறை இதேதான். பாட்டைச் சரியாக இரண்டு தடவை பாடிக் காட்டிவிட்டு, மூன்றாம் தடவை எங்கேயாவது ஒரு தப்பை ஒளித்து வைப்பார். கண்டுபிடிக்கிறவள் கையைத் தூக்கிவிட்டுச் சரியாகப் பாடிக் காட்ட வேண்டும். நாற்பது பெண்களும் திருடனைப் பிடிக்கக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள். முதல் கை பெரும்பாலும் பேச்சித்தாயின் கைதான்.

இப்படி நடந்துகொண்டிருந்தபோது மேலிடத்திலிருந்து ஒரு தாக்கீது வந்தது. சங்கீதம் கற்பிக்கிறவர் அதற்கான பரீட்சையில் தேற வேண்டும். இல்லாவிட்டால் அந்த மணியைத் தையலுக்குக் கொடுத்துவிட வேண்டும். தையல் ஆசிரியை மங்களேஸ்வரிக்கே இதில் சந்தோஷமில்லை. "இருக்க நாற்பது ஊசியே தினம் ரெண்டு தொலையுது. வெள்ளிக்கிழமையும் தேடணுமா? போய்ப் பாஸ் பண்ணிட்டு வாரும்" என்றார்.

பரீட்சையில் தாமே பாட வேண்டும். மாணவி ஒருத்தியை அழைத்துப் போய்ப் பாடம் நடத்தியும் காட்ட வேண்டும். பாட்டுப் பாடுவதற்காகப் பெண்ணை ரயிலேற்றித் திருநெல்வேலிக்கு அனுப்ப மற்ற வீடுகளில் சம்மதிக்கவில்லை. மாடன்தான், "எம் பிள்ளையக் கூட்டிட்டுப் போவோம். நானும் வாரேன்" என்றார். மாசி மாதம் மூன்று பேரும் போனார்கள். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவள் பேச்சித்தாய். வாத்தியார் சொன்னதும் அதற்கு ஒத்துப்போகிறது.

மேஜைக்குப் பின்னால் இரண்டு பரீட்சகர்கள். ஒருவர் கனத்தவர், சட்டை, அங்கவஸ்திரம், மூக்குக்கண்ணாடி. வாத்தியாருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. வாசலில் நின்ற மாடன்தான் காதருகே குனிந்து, "வாத்தியாரய்யா, அந்தத் தோள் நம்ம தோள்" என்றார். கும்பகோணத்துப் பாகவதர். எண்ணெய் இல்லாமல் அவரை வாத்தியார் பார்த்ததே இல்லை.

"கல்யாணி பாடும்" என்றார் பாகவதர்.

வாத்தியார் தொடங்கினார். தனியே இருந்தால் அவருக்குக் கல்யாணி பழுதில்லாமல் வரும். ஆனால் வித்துவான் முன்னால் நிற்கும்போது அவர் நாக்குக்குப் பத்து வருஷமாக ஒரே வழிதான் பழக்கம். 'ம' கீழ்ப்படிக்கு இறங்கிற்று. இறங்கியதோடு நிற்காமல், வழக்கம்போலப் பாட்டை நிறுத்திவிட்டுப் பாகவதரின் புருவத்தைப் பார்த்தார். புருவம் துடித்தது. ஆனால் பரீட்சகர் திருத்திச் சொல்லக் கூடாது என்பது விதி. பாகவதர் உதட்டைக் கடித்துக்கொண்டார். மற்றப் பரீட்சகர் பென்சிலைக் கையில் எடுத்தார். வெள்ளிக்கிழமைச் சங்கீதம் அந்தப் பென்சில் முனையில் இருந்தது.

அறையின் ஓரத்தில் பாயில் உட்கார்ந்திருந்த பேச்சித்தாய் கையைத் தூக்கினாள்.

"என்ன குழந்தே?"

"ஸாருக்கு 'ம' தப்பிட்டு."

வாத்தியாருக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. பாகவதர் அவளையே பார்த்தார். "அப்போ நீ பாடு."

அவள் பாடினாள். 'ம' மேலே நின்றது. அதற்கப்புறம், பாறைமேல் உட்கார்ந்து பாகவதர் பாடிக் காட்டிய அந்த வளைவும், அவர் மூச்சு விட்ட அதே இடமும் அப்படியே வந்தன. பாகவதரின் கை அவரைக் கேட்காமல் தொடையில் தாளம் போட்டது.

"இதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"ஸார்தான்."

"ஸாருக்கு?"

"நீங்கதானாம். எங்கய்யா சொன்னாக. உங்களுக்கு இடுப்பு பிடிக்கும்போது சொல்லிக் குடுத்தீகளாம்."

மற்றப் பரீட்சகருக்கு இருமல் வந்துவிட்டது. பாகவதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாசலைப் பார்த்தார். மாடன் கும்பிட்டார். கண்ணாடி மறுபடியும் மூக்கில் ஏற வெகுநேரம் ஆயிற்று.

"அங்கே அத்தனை தடவையும் வேணும்னுதானா?" என்றார்.

"ஆமா சாமி. இன்னைக்கு மட்டும் வேணும்னு இல்ல."

"இன்னொரு தடவை பாடும். எங்க ஊர்ல இப்படித்தான்னு மட்டும் சொல்லாதேயும்."

இந்தத் தடவை வாத்தியார் பாகவதரைப் பார்க்கவில்லை. பேச்சித்தாயின் கையைப் பார்த்துக்கொண்டே பாடினார். கை மடியிலேயே இருந்தது.

சித்திரையில் முடிவு வந்தது. பாட்டில் முப்பத்தாறு, கற்பிக்கும் முறையில் எழுபத்தெட்டு. முதல் எண்ணைத்தான் அவர் எல்லோரிடமும் முதலில் சொல்லுகிறார். கோமதியம்மாள் அந்தத் தாளுக்குக் கண்ணாடி போட்டுத் தம் அறையில் மாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைக் கடைசி மணியில் ஊசிகள் பெட்டியிலேயே இருக்கின்றன.

தேறிய பிறகு வாத்தியார் அருவிக்கரையில் பாட வெட்கப்படுகிறார். "சர்க்கார் முத்திரை குத்தின ஆளு எப்படிங்க தப்பாப் பாடும்?" என்கிறார். இந்தச் சாரலுக்கு அவர் மெய்யாகவே குளிக்கத்தான் வருகிறார். பள்ளியிறுதிப் பரீட்சை எழுதிவிட்டுக் குற்றாலத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் நான் இரண்டு வாரமாக அவர் தலை நனைவதைப் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பாறையில் கும்பகோணத்துப் பாகவதர் உட்கார்ந்திருந்தார். மாடன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாத்தியார் தூரத்திலேயே பார்த்துவிட்டு, கும்பிட்டபடி ஓரமாக நழுவினார். பாகவதர் அவரைக் கூப்பிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கல்யாணியை எடுத்தார். நன்றாகத்தான் போயிற்று. 'ம' வந்ததும் அதைக் கீழே இறக்கினார்.

மாடனின் கை தோளில் அப்படியே நின்றது. வாத்தியார் போன வேகத்தில் நின்று திரும்பினார். தண்ணீர் சொட்டும் வலது கை மெதுவாகத் தலைக்குமேல் எழுந்தது.