மாதா என் வீட்டுக்கு வந்த முறை

செபமாலை மாதமான ஒக்டோபர் பிறந்தால் எங்கள் கொட்டாஞ்சேனை மாடிக் குடியிருப்பில் மாதாவுக்கு ஓய்வே கிடையாது. நாளுக்கொரு வீடு. மாலையில் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், செபமாலை சொல்வார்கள், பிறகு சுற்றியிருந்து ரோல்ஸ் தின்பார்கள். மறுநாள் படிக்கட்டில் நடக்கிற கதையெல்லாம் அந்த ரோல்ஸைப் பற்றித்தான். "மூண்டாம் மாடியில மீனே வைக்கேல்ல, முழுக்க உருளைக்கிழங்கு." நல்ல பக்தி!

என் வீட்டுக்கு மட்டும் அந்தச் சுரூபம் வந்ததில்லை. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆதாரம் எங்கே என்றிருப்பேன். வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு இரசாயனம் படிப்பிக்கிறவள் நான். ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் என்ன வரும் என்று தெரியாமல் எதையும் கலக்கமாட்டேன். ஒவ்வொரு வருடமும் கீழ்மாடி மனுசி வந்து, "டீச்சர், இந்த முறை உங்கட வீட்டுக்கும் விடுவமா?" என்று கேட்பார். நான் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும்.

அந்த வருடம் சத்தம் போட எனக்குக் குரல் இல்லை. தொண்டைக்குள் ஒரு கட்டி. வகுப்பில் மைக்கும் இல்லாமல் இத்தனை காலம் கத்தினால் வேறென்ன வரும்? ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று டொக்டர் வாயைக் கட்டிவிட்டார். ஒப்பரேஷன் செய்தால் குரல் திரும்பலாம், திரும்பாமலும் விடலாம். செய்யாவிட்டால் போனது போனதுதான். உத்தரவாதம் உண்டா என்று போனில் எழுதிக் காட்டினேன். "பாப்பம்" என்றார். என்ன பாப்பம்? கறிக்கு உப்புப் பார்க்கிற காரியமா இது? குரல் போனால் வகுப்பு போகும், வகுப்பு போனால் தனிக்கட்டையான நான் சாப்பாட்டுக்கு எங்கே போவேன்? இரண்டு முறை திகதி தந்தார்கள். இரண்டு முறையும் பயத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்மாடி மனுசி வந்து கதவைத் தட்டிக் கேட்டார். நான் கத்தவில்லை. கத்தாவிட்டால் அது சம்மதம் என்று இந்தக் குடியிருப்பு முழுக்க எடுத்துக்கொண்டது. லிப்ட் வேறு பழுது. மாதாவை நாலு மாடி தூக்கி ஏற்றி, என் புத்தக மேசையைக் கேட்காமலே ஒதுக்கி, வெள்ளைத் துணி விரித்து வைத்துவிட்டார்கள். செபமாலையைச் சொல்லி முடித்ததும், தின்ன எதுவும் இல்லையென்று கண்டு, ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கீழ்மாடி மனுசி மட்டும் மெழுகுதிரிக்குக் காவல் என்று உட்கார்ந்திருந்தார்.

இவரையாவது மடக்குவோம் என்று போனில் எழுதி நீட்டினேன்: "உங்கட மாதா என்ர குரலைத் தருவாவா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "தெரியாது டீச்சர்" என்றார்.

நான் எதிர்பார்த்த பதில் அதில்லை. தருவா, விசுவாசியுங்கோ என்பார், பிடித்து உலுப்பலாம் என்றிருந்தேன். அவர் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு சொன்னார்: "என்ர மகன் அவுஸ்திரேலியாவுக்கெண்டு படகில போனவன். அந்த நாளில இருந்து மாதாவிட்டக் கேக்கிறன். ஒரு போன் கோலும் வரேல்ல."

"பிறகேன் இன்னும் கேக்கிறீங்கள்?" என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. மாதா மேல்.

"இவவும் பிள்ளையைப் பறிகுடுத்தவதானே டீச்சர். கண்ணுக்கு முன்னால. இவவுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல. கேட்டது கிடைச்சாத்தான் நம்புவன் எண்டா அது கடைக் கணக்கெல்லோ?"

இந்தச் சனம் கிடைப்பதற்காகத்தான் கும்பிடுகிறது என்று இத்தனை வருடம் இளக்காரமாகச் சிரித்திருக்கிறேன். இவருக்கு ஒரு மண்ணும் கிடைக்கவில்லை. கிடைக்காமலே நம்புகிறார். உத்தரவாதம் கேட்டு வீட்டில் ஒளிந்திருந்தது நான்.

மறுநாள் அவரையே ஆஸ்பத்திரிக்குக் கோல் எடுக்கவைத்துத் திகதி வாங்கினேன். ஒப்பரேஷன் மேசையில் மயக்க மருந்து ஏறுகிறபோது அழகான செபம் எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, உம்மை எனக்கு இன்னும் விளங்கேல்ல. எண்டாலும் இந்தாரும், நீரே பாத்துக்கொள்ளும்" என்று மனதுக்குள் சொன்னேன். வாழ்க்கையில் ஒன்றைத் தெரியாமலே ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. பயம் போகவில்லை, ஆனால் இந்த முறை எழும்பி ஓடவில்லை.

என் குரல் திரும்பியதைக் குடியிருப்புச் சனம் இப்போது மாதா செய்த புதுமை, அற்புதம் என்கிறது. புதுமையாவது மண்ணாங்கட்டியாவது! வெட்டியது டொக்டர். வந்ததும் பாதிக் குரல்தான், தகரத்தை இழுக்கிற மாதிரி. வகுப்பில் இனி மைக் இல்லாமல் முடியாது.

வாய்க்கட்டு அவிழ்ந்த நாளில் டொக்டர், "இப்ப ஏதும் ஒரு வசனம் கதையுங்கோ" என்றார். கீழ்மாடி மனுசி என் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். நான் அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"உங்கட மகன்ர பேர் என்ன?"

அவர் அழுதுகொண்டே சொன்னார். இப்போது ஒவ்வொரு நாளும் இந்தத் தகரக் குரலில் நானும் மாதாவிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன்.