கெட்டிமேளம் பேச ஸ்ரீரங்கம் போனேன்

என் மகள் யாழினிக்குத் தை மாதம் கல்யாணம். மேளம் பேசுவதற்காகப் போன ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து ஸ்ரீரங்கம் போய் வந்தேன். "மதுரையில இல்லாத மேளமா?" என்று அண்ணன் கேலி செய்தார். இருக்கிறதுதான். ஆனால் எனக்கு வேண்டியது பூங்கொடியின் தவில். என்னைப் போலவே கணவரை இழந்தவர் அவர். தாலி கட்டும் நேரத்தில் அவர் கெட்டிமேளம் கொட்டுவதை ஒரு வீடியோவில் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன், என் வீட்டுக் கல்யாணத்துக்கு இவர்தான் என்று.

வீம்புக்குக் காரணம் உண்டு. தாரை வார்த்துக் கொடுக்க அண்ணனும் அண்ணியும் மேடையில் நிற்பார்கள், நான் கீழே இரண்டாவது வரிசையில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று உறவுக்காரர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். யாழினி சண்டை போட்டாள். "நல்ல நாளும் அதுவுமா எதுக்குடி வம்பு" என்று அவளை அடக்கியது நான்தான். ஆனாலும் வயிறு எரிந்தது. மேளமாவது என் இஷ்டப்படி இருக்கட்டும் என்று கிளம்பினேன்.

மாட்டுத்தாவணியில் காலை ஐந்தரைக்கு பஸ், டிக்கெட் நூற்று நாற்பது ரூபாய். எட்டேகாலுக்குத் திருச்சி பஞ்சப்பூர் புது பஸ் நிலையம். பழைய நினைப்பில், ஊருக்குள் போய் நிற்கும் என்று தூங்கிவிடாதீர்கள். அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. காவிரிப் பாலம் வரும்போது இடது பக்க ஜன்னல் கிடைத்தால் பாக்கியம்.

பூங்கொடி அன்று வாசிக்கும் மண்டபம் அம்மா மண்டபம் ரோட்டில். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். எதற்குப் போகிறேன் என்று டிரைவரிடம் சொன்னேன்.

"பொண்ணுங்க மேளத்தைப் பேசவா வந்தீங்க? பிச்சு உதறுவாங்க மேடம்," என்றார் டிரைவர். "என் பொண்ணும் இசைப்பள்ளியில நாகஸ்வரம் படிக்குது. தெருவுல ஒருத்தன் மத்தியானம் கண்ணசர முடியல!"

"உங்க குடும்பத்துல வாசிப்பாங்களா?"

"எங்க! எங்கப்பா காந்தி மார்க்கெட்ல மூட்டை தூக்குனவரு. இது தானாப் போய் சேர்ந்துட்டு வந்து நிக்குது."

என் கல்யாணத்தில் டேப் ரெக்கார்டர்தான் மேளம். தாலி ஏறும்போது பார்த்து கேசட் சிக்கிக்கொண்டது. இப்போது எங்கள் பக்கம் மறுபடியும் நாகஸ்வரமும் தவிலும் கேட்டுத் தேடி வருகிறார்கள். பரம்பரையாக வாசிக்கும் குடும்பங்கள் மட்டும் போதவில்லை. இசைப்பள்ளியில் யார் யாரோ வந்து சேர்கிறார்கள். தொட்டியத்தில் வாழை போடும் குடும்பத்துப் பூங்கொடி அப்படிச் சேர்ந்தவர்தான். கூட நாகஸ்வரம் வாசிக்கும் நூர்ஜஹானும் அப்படித்தான், பாலக்கரைப் பெண். கலை திரும்பி வந்தது, வரும்போது பழைய ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டு வரவில்லை.

மண்டபத்தில் பத்தே முக்காலுக்கு ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். வேண்டாத சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே அந்த நேரத்தில் அப்படிக் கொட்டச் சொல்வது? அப்பப்பா, என்ன அடி! விரல்களில் கூடு மாட்டிய வலது கை கண்ணுக்கே தெரியவில்லை. தாலி ஏறியது, அட்சதை விழுந்தது. பூங்கொடி வாசித்ததால் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. நான்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பந்தியில் என் பக்கத்து இலையில் பூங்கொடி உட்கார்ந்தார்.

"நீங்க போன்ல சொன்ன தேதி ஒத்து வருதுக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தாலி கட்டுறப்ப நீங்க எங்க நிப்பீங்க?"

"நானா? கீழ, ரெண்டாவது வரிசையில."

"அப்ப நான் வரலக்கா."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "நீங்கதான் வேணும்னு மதுரையிலேர்ந்து வந்திருக்கேன், இப்படிச் சொல்றீங்களே!"

"போன வைகாசியில முசிறிப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புலேர்ந்து நான்தான் வாசிச்சேன். தாலி கட்டுற நேரத்துக்கு மட்டும், 'கொஞ்சம் வெளிய நில்லும்மா'ன்னாங்க. தவிலைத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன். அதுலேர்ந்து முன்னாடியே கேட்டுக்கறது. என்னை மேடை ஓரத்துல உக்கார வச்சுட்டு, பொண்ணைப் பெத்த நீங்க கீழ உக்காந்தா நான் யாருக்குக்கா கொட்றது?"

எனக்கு வர வேண்டிய துணிச்சலை அவர் தோளில் மாட்டிவிடப் பார்த்திருக்கிறேன். கை கழுவிய ஈரத்தோடு அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, தாரை வார்க்க நான் நிக்கிறேன். நீங்களும் அண்ணியும் பக்கத்துல நில்லுங்க."

"சொந்தக்காரங்க என்ன பேசுவாங்கன்னு தெரியுமா?"

"பேசட்டும்ணே. கெட்டிமேளச் சத்தத்துல எனக்குக் கேக்காது."

பூங்கொடி இலையை மூடிவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேளம் பேசப் போகிறவர்களுக்கு: முகூர்த்த நாளில் போய், நேரில் கேட்டுவிட்டுப் பேசுங்கள். தை மாதத்துக்கு ஆறு மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும். வருகிறவர்களுக்குச் சாப்பாடும் தங்க அறையும் பேச்சிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். தாலி கட்டும்போது யார் வாசிப்பார், யார் எங்கே நிற்பார் என்பதை வீட்டில் முடிவு செய்துவிட்டு பஸ் ஏறுங்கள். என்னைப் போல இலைக்கு முன்னால் திருதிருவென்று முழிக்க வேண்டாம்.

அண்ணன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசும்போது பேசட்டும். மேடையில் நிற்க எனக்கு அரக்குக் கலரில் பட்டு எடுத்துவிட்டேன்.